புரொபெல்லர் ஹப்பில் கசிவு: துடைப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

பிளேடின் அடியில் ஒரு பழுப்புக் கோடு. என்ஜினை மூடும் காவ்லிங்கின் முகப்பில் நாலைந்து துளிகள். விண்ட்ஷீல்டில் கை வைத்தால் வழுக்கும் மெல்லிய படலம். பிளேடின் கோணத்தை (பிட்ச்) தானே மாற்றி ஒரே சுழல்வேகத்தில் ஓடும் கான்ஸ்டன்ட் ஸ்பீடு புரொபெல்லரில் கசிவு தொடங்கினால் பெரும்பாலும் இப்படித்தான் கண்ணில் படும். பார்த்தவுடன் கை துணியைத் தேடும். அங்கேதான் பாதித் தடயம் போய்விடுகிறது. கறை எங்கே ஆரம்பித்து எந்தப் பக்கம் ஓடியிருக்கிறது, என்ன நிறம், எவ்வளவு நீளம் என்பதுதான் இந்த வேலையில் கிடைக்கும் ஒரே சாட்சி. முதலில் புகைப்படம் எடுங்கள். ஒவ்வொரு பிளேடையும் முன்பக்கம், பின்பக்கம், அடிப்பகுதி என்று தனித்தனியாக, பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து எடுங்கள். பிளேடு எண்ணும் படத்தில் தெரியட்டும். துணி அப்புறம்.

உள்ளே இருப்பது ஒரு திரவம் அல்ல

ஹார்ட்செல் நிறுவனத்தின் காம்பாக்ட் வகையை எடுத்துக்கொள்வோம். நடுவில் பிளேடுகளைத் தாங்குவது, இரண்டு அரைப் பாகங்களாகச் செய்து போல்ட்டால் இணைத்த அலுமினிய ஹப். அதற்குள் பிளேடின் அடியைத் தாங்கும் பேரிங்குகளைச் சுற்றி கிரீஸ். ஹப்புக்கு முன்னால் ஒரு சிலிண்டர், அதற்குள் பிஸ்டன். பிஸ்டனைத் தள்ளுவது என்ஜின் எண்ணெய். என்ஜினிலிருந்து வரும் எண்ணெயின் அழுத்தத்தை சுழல்வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் தன் பம்பால் சுமார் 300 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) வரை ஏற்றி, கிராங்க்ஷாஃப்டின் உள்துளை வழியாக முன்னே அனுப்புகிறது. பிஸ்டனின் அசைவைப் பிளேடுகளுக்குக் கொண்டுபோவது பிட்ச் சேஞ்ச் ராடு. அந்த ராடு எண்ணெய்ப் பகுதியிலிருந்து கிரீஸ் பகுதிக்குள் நுழையும் இடத்தில் இரண்டையும் பிரிப்பவை ஓ-ரிங்குகள் (வட்ட ரப்பர் சீல்கள்) மட்டுமே.

ஆக, அழுத்தத்தோடு ஓடும் எண்ணெய் ஒன்று, அழுத்தமில்லாமல் ஹப்புக்குள் தங்கியிருக்கும் கிரீஸ் ஒன்று. எது வெளியே வந்திருக்கிறது என்று தெரியாமல் எதைச் சரிசெய்யப் போகிறோம்?

மெக்காலி என்ற இன்னொரு நிறுவனத்தின் சில மாடல்களில் கிரீஸுக்குப் பதிலாக ஹப்புக்குள் சிவப்புச் சாயம் கலந்த எண்ணெய் இருக்கும். பேரிங்குக்கு உயவு கொடுப்பது, துருவைத் தடுப்பது ஆகியவற்றோடு அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. ஹப்பில் விரிசல் விழுந்தால் சிவப்பு வெளியே வந்து காட்டிக்கொடுக்கும். அந்த வகை ஹப்பில் சிவப்புக் கறை தெரிந்தால், 'சீல் தேய்ந்திருக்கும், அடுத்த இன்ஸ்பெக்‌ஷனில் பார்த்துக்கொள்ளலாம்' என்ற பேச்சுக்கே இடமில்லை. சீல்தானா, விரிசலா என்று தெரியும்வரை விமானம் தரையில்தான்.

எண்ணெய் போனால் என்ன ஆகும் என்பது வகைக்கு வகை மாறும். எதிரெடை (பிளேடின் அடியில் மாட்டும் கனம்) இல்லாத ஒற்றை என்ஜின் காம்பாக்ட் புரொபெல்லர்களில் எண்ணெய் அழுத்தம் பிளேடைக் கோர்ஸ் பிட்சுக்கு, அதாவது பெரிய கோணத்துக்குத் தள்ளும். எண்ணெய் குறைந்தால் பிளேடு ஃபைன் பிட்சுக்கு, அதாவது சிறிய கோணத்துக்குச் சரிந்து ஆர்.பி.எம். (நிமிடத்துக்குச் சுழற்சி) எகிறும். ஃபெதர் ஆகும், அதாவது பிளேடு காற்றோட்டத்துக்கு இணையாகத் திரும்பிவிடக்கூடிய வகைகளில் நேர் எதிர். அங்கே எண்ணெய்தான் ஃபைன் பிட்சைப் பிடித்து வைத்திருக்கிறது. அது போனால் ஸ்பிரிங்கும் எதிரெடையும் ஏர் சார்ஜும் (சிலிண்டரில் அடைத்த அழுத்த வாயு) பிளேடைக் கோர்ஸ் பக்கமாக, ஃபெதரை நோக்கி இழுத்துப் போகும். எண்ணெய்க் கசிவை அழுக்குப் பிரச்சினையாக மட்டும் பார்க்கக் கூடாது என்பதற்கு இது போதும்.

கறையைப் படிப்பது

2,700 ஆர்.பி.எம்.மில், மையத்திலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் ஒரு பொருளின் மேல் புவியீர்ப்பைப் போல ஏறக்குறைய 800 மடங்கு விசை வெளிப்பக்கமாக இழுக்கிறது. ஒரு கிராம் கிரீஸ் அங்கே முக்கால் கிலோவுக்கு மேல் கனக்கும். அதனால் பிளேடு சீல் வழியாக வந்த கிரீஸ் சொட்டாது. பிளேடோடு ஒட்டி நுனியை நோக்கிக் கோடாக நீளும். கோட்டின் தொடக்கம் பிளேடும் ஹப்பும் சேரும் விளிம்பில் இருந்தால், ஒழுகுவது அந்தப் பிளேடின் சீல்தான் என்று எடுத்துக்கொள்ளலாம்.

கோடு அந்த விளிம்பில் தொடங்காமல் ஹப்பின் மேல் பகுதியிலேயே இருந்தால் மூன்று இடங்களைப் பாருங்கள்: கிரீஸ் நிப்பிள் (கிரீஸைச் செலுத்தும் வாய்), இரண்டு அரைப் பாகங்களும் சேரும் கோடு, பிளேடைத் தாங்கும் புயத்தின் வளைவு. நிப்பிளின் உள்ளே உருண்டை சரியாக உட்காராமல் இருந்தாலோ, அதன் திருகு தளர்ந்திருந்தாலோ, தொப்பி தொலைந்திருந்தாலோ கிரீஸ் வரும். இது சின்னப் பழுது. ஆனால் நிப்பிளைச் சுற்றியுள்ள உலோகத்திலிருந்தே வருவதுபோல் இருந்தால் அது சின்னப் பழுது அல்ல.

ஹப்பை மூடும் கூம்பான ஸ்பின்னருக்குள் முன்பாதி நனைந்து, பிளேடு நுழையும் திறப்புகள் வழியாக எண்ணெய் வெளியே தெறித்து, விண்ட்ஷீல்டு வரை போயிருந்தால் சிலிண்டர் ஹப்போடு சேரும் இடத்தையோ அதற்கு முன்னால் உள்ள சீல்களையோ சந்தேகிக்க வேண்டும். ஸ்பின்னரின் பின்தட்டும் ஸ்டார்ட்டர் ரிங் கியரின் முன்பக்கமும் நனைந்திருந்தால், ஹப்பும் கிராங்க்ஷாஃப்டும் சேரும் ஃபிளேஞ்சின் ஓ-ரிங். ரிங் கியரின் பின்பக்கமும் என்ஜின் கேஸின் மூக்கும் மட்டும் நனைந்து, முன்பக்கம் காய்ந்து கிடந்தால் புரொபெல்லரை விட்டுவிடுங்கள். அது கிராங்க்ஷாஃப்ட் என்ஜினை விட்டு வெளியே வரும் இடத்தில் உள்ள நோஸ் சீல். ரிங் கியர் எண்ணெயை அள்ளி நாலாபுறமும் வீசுவதால் இந்த இரண்டையும் பிரிப்பதுதான் சிரமம். புரொபெல்லரைக் குற்றம் சொல்லிக் கழற்றிவிட்டு, புது ஓ-ரிங் போட்ட பிறகும் அதே இடத்தில் எண்ணெய் பார்க்கும் கதைகள் எல்லாம் இங்கேதான் தொடங்குகின்றன.

கவர்னரையும் மறக்க வேண்டாம். அதன் அடி கேஸ்கெட்டிலோ கன்ட்ரோல் தண்டின் சீலிலோ கசிந்த எண்ணெய் காற்றோடு பின்னால்தான் போகும், புரொபெல்லரை நனைக்காது. கவர்னரைக் கழற்றி மாட்டிய பிறகு கசிவு என்றால் கேஸ்கெட்டில் உள்ள வலையின் மேடான பக்கம் கவர்னரைப் பார்த்து இருக்கிறதா என்று சரிபாருங்கள்.

விரலும் வெள்ளைக் காகிதமும்

கறையை விரலில் எடுத்துத் தேயுங்கள். என்ஜின் எண்ணெய் கறுத்திருக்கும், எரிந்த வாடையும் பெட்ரோல் வாடையும் கலந்து வரும். கிரீஸ் தேய்க்கத் தேய்க்க விரலில் ஒட்டும். குழப்புவது மூன்றாவது ஒன்று: கிரீஸிலிருந்து பிரிந்துவந்த அடிப்படை எண்ணெய். கிரீஸ் என்பது எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கும் ஒரு கெட்டிப்பொருள். வெப்பத்திலும் மேலே சொன்ன 800 மடங்கு இழுவையிலும் கொஞ்சம் எண்ணெய் தனியாகப் பிரிந்து, மெல்லியதாகத் தேன் நிறத்தில் சீலைத் தாண்டி வந்துவிடும். பார்த்தால் என்ஜின் எண்ணெய் போலவே ஓடும். ஆனால் கறுத்திருக்காது, எரிந்த வாடை இருக்காது. ஒரு துளியை வெள்ளை வடிதாளில் விட்டுக் கொஞ்ச நேரம் வையுங்கள். என்ஜின் எண்ணெய் என்றால் நடுவில் கரிய புள்ளி நிற்கும். பிரிந்த எண்ணெய் என்றால் காகிதம் ஒரே சீராக, ஒளி ஊடுருவும்படி நனையும். ஒன்றே ஒன்று கவனம்: எண்ணெய் மாற்றிய மறுநாள் என்ஜின் எண்ணெயும் தெளிவாகத்தான் இருக்கும். அப்போது இந்தச் சோதனை எதையும் சொல்லாது.

இவற்றில் கவலைப்பட வேண்டிய கலவை ஒன்று உண்டு. பிளேடு அடியிலிருந்து வருவது கிரீஸாகவும் இல்லை, தெளிந்த எண்ணெயாகவும் இல்லை. கறுத்த, தளர்ந்த கூழாக இருக்கிறது. ஒரு நிப்பிளைக் கழற்றினால் அந்தத் துளையிலிருந்து கிரீஸுக்குப் பதில் எண்ணெய் வழிகிறது. பிட்ச் சேஞ்ச் ராடின் ஓ-ரிங் போய்விட்டது, என்ஜின் எண்ணெய் ஹப்புக்குள் புகுந்துவிட்டது என்பதற்கு இதுவே அடையாளம். எண்ணெய் கிரீஸைக் கரைத்துப் பேரிங்கிலிருந்து கழுவி, பிளேடு சீல்கள் வழியாக வெளியே தள்ளும். மேலே எத்தனை முறை கிரீஸ் அடித்தாலும் நிற்காது. புரொபெல்லர் ஷாப்புக்குப் போக வேண்டியதுதான்.

ஏர் சார்ஜ் உள்ள ஃபெதரிங் வகையில் இதற்கு ஒரு அண்ணன் உண்டு. அழுத்தம் பார்க்க ஏர் வால்வை அழுத்தும்போது காற்றோடு எண்ணெயும் பீய்ச்சினால், பிஸ்டன் சீலைத் தாண்டி எண்ணெய் காற்றறைக்குள் வந்துவிட்டது. நைட்ரஜனை நிரப்பி அழுத்த அளவை மட்டும் சரிசெய்து அனுப்பிவைப்பது வீண் வேலை.

எது சாதாரணம், எது இல்லை

புதிய புரொபெல்லரும், ஓவர்ஹால் (முழுதாகப் பிரித்துப் புதுப்பிப்பது) முடிந்து வந்த புரொபெல்லரும் முதல் சில மணி நேரம் கொஞ்சம் கசியலாம். சீல்கள் இடம்பிடித்து உட்காரும், பூட்டும்போது தடவிய உயவுப்பொருளும் வெளியே வீசப்படும். ஆனால் ஹார்ட்செல் மேனுவல் இதற்கு ஒரு கெடு வைத்திருக்கிறது: 10 மணி நேரத்துக்குள் நிற்க வேண்டும். அதற்குமேல் தொடர்ந்தால் பழுது. வெகுநாளாக ஓடிக்கொண்டிருந்த புரொபெல்லரில் புதிதாகக் கசிவு வந்தாலும் பழுதுதான். அதற்கு 10 மணிச் சலுகை கிடையாது.

நீண்ட நாள் பறக்காமல் நின்ற விமானத்தில் ஓ-ரிங் ஒரே வடிவத்தில் அமுங்கிக் கெட்டியாகி இருக்கும். முதல் இரண்டு மூன்று பறப்பில் ஒழுகிவிட்டு நிற்பதும் உண்டு, நிற்காமல் போவதும் உண்டு. பல காம்பாக்ட் மாடல்களுக்கு ஓவர்ஹால் கெடு 2,400 மணி நேரம் அல்லது 6 ஆண்டு, எது முதலில் வருகிறதோ அது. வருடத்துக்கு 60 மணி பறக்கும் விமானத்தின் உரிமையாளருக்கு அந்த 6 ஆண்டு அநியாயமாகத் தோன்றும். ஆனால் ரப்பர் நாட்காட்டியைத்தான் பார்க்கிறது, மணிக் கணக்கை அல்ல.

இனி உண்மையிலேயே பயப்பட வேண்டியது. நேற்றுவரை சுத்தமாக இருந்த ஹப்பில் இன்று திடீரென்று நிறைய கிரீஸ், அல்லது கசிவோடு சேர்ந்து புதிதாக ஓர் அதிர்வு. பிளேடோ அதைத் தாங்கும் பாகமோ உடைந்துகொண்டிருப்பதன் முதல் அடையாளம் இதுவாக இருக்கலாம். விரிசல் இல்லை என்று நிரூபிக்கும்வரை விரிசல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பின்னரைக் கழற்றுங்கள், ஆனால் எதையும் கழுவாதீர்கள். கழுவாத நிலையில்தான் கிரீஸ் விரிசலின் கோட்டை வரைந்து காட்டும். நல்ல விளக்கு, பத்து மடங்கு லென்ஸ். புயங்களின் வளைவு, நிப்பிள் துளைகளின் சுற்று, இணைப்புக் கோடு. பிறகு பிளேடைக் கையால் பிடித்து முன்னும் பின்னும், உள்ளும் புறமும், பிட்ச் திசையிலும் அசைத்து, ஆட்டம் மேனுவலின் எல்லைக்குள் இருக்கிறதா, பிளேடுக்குப் பிளேடு வேறுபடுகிறதா என்று அளக்க வேண்டும். விரிசல் கண்டால் அந்த ஹப்புக்கு மருத்துவம் கிடையாது.

கிரீஸ் அடிப்பது: கசிவு பிறக்கும் இடம்

பிளேடு சீல் கசிவுகளில் கணிசமானவை ரப்பரின் வயதால் வருவதில்லை. கிரீஸ் கன்னால் வருகின்றன. 'வருகிற வரை அடி' என்ற பழக்கம் லாரியின் ஸ்பிரிங் பின்னுக்குச் சரி. இங்கே சரியில்லை.

ஹார்ட்செல் காம்பாக்ட் ஹப்பில் ஒவ்வொரு பிளேடுக்கும் இரண்டு நிப்பிள்: ஒன்று என்ஜின் பக்கம், ஒன்று சிலிண்டர் பக்கம். ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதில் கிரீஸ் அடிக்க வேண்டும். கழற்றிய துளை வழியாகப் பழைய கிரீஸ் வெளியேறும், உள்ளே அழுத்தம் சேராது. கழற்றாமல் அடித்தால் அழுத்தத்துக்குப் போக்கிடம் பிளேடு சீல் ஒன்றுதான். எந்த நிப்பிளில் அடிப்பது? முன்னால் இழுக்கும் புரொபெல்லரில் பிளேடின் முன்விளிம்புக்குக் கிட்டே உள்ளதில். பின்னாலிருந்து தள்ளும் புரொபெல்லரில் பின்விளிம்புக்குக் கிட்டே உள்ளதில். அப்படி அடித்தால் கிரீஸ் பேரிங்கைத் தவிர்த்துவிட்டு ஹப்பின் நடு அறைக்குள் போய்த் தேங்குவது குறையும்.

அடிப்பதற்கு முன் கழற்றிய துளைக்குள் ஒரு துண்டு சேஃப்டி வயரை விட்டு, இறுகிப்போன பழைய கிரீஸைக் கிளறிவிடுங்கள். துளை அடைத்திருந்தால் நிப்பிளைக் கழற்றியதற்கே பொருள் இல்லை.

அளவு: ஒரு நிப்பிளுக்கு அதிகபட்சம் 30 மில்லி, அல்லது எதிர்த்துளையில் கிரீஸ் எட்டிப் பார்க்கும் வரை, எது முதலில் நடக்கிறதோ அதோடு நிறுத்த வேண்டும். எட்டிப் பார்க்கவில்லையே என்று 30 மில்லியைத் தாண்டக் கூடாது. கையால் அடிக்கும் கன்னில் அது சுமார் 6 அழுத்தல் என்று மேனுவல் சொல்கிறது. ஆனால் கன்னுக்குக் கன் வேறுபடும். சில சிறிய கன்கள் ஒரு அழுத்தலுக்கு ஒரு கிராம்தான் தள்ளும். உங்கள் கன்னால் ஒரு காகிதக் கோப்பைக்குள் 10 முறை அடித்து எடை பாருங்கள். 30 மில்லி கிரீஸ் ஏறக்குறைய 27 கிராம். ஒரு அழுத்தலுக்கு 1.5 கிராம் என்றால் உங்கள் எல்லை 18 அழுத்தல். அதைக் கன்னிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். காற்றழுத்தத்தால் இயங்கும் கன்னை இந்தப் பக்கமே கொண்டுவர வேண்டாம். சீல் புரண்டு வெளியே வருவதைக் கை உணரவே உணராது.

அதிகமாகப் போன கிரீஸ் சும்மா இருப்பதில்லை. பறக்கும்போது சீல் வழியாக வெளியேறும். ஹப் அறை நிரம்பினால் பிட்ச் அசைவுக்கே இடைஞ்சல். ஒரு பிளேடுக்கு மட்டும் கூடுதலாகப் போனால் சமநிலை கெட்டு அதிர்வு வரும். கிரீஸ் அடித்த அடுத்த பறப்பிலேயே கசிவும் அதிர்வும் சேர்ந்து வந்தால் முதலில் லாக்புக்கில் யார், எவ்வளவு அடித்தார் என்று பார்ப்பது நல்லது. அதற்காக விரிசல் சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

எந்தக் கிரீஸ் என்பதை ஹப்பில் ஒட்டியிருக்கும் லேபிள் சொல்லும். ஏரோஷெல் 5, ஏரோஷெல் 6 என்ற இரண்டு பெயர்கள்தான் பெரும்பாலும் கண்ணில் படும். 1989-க்குப் பின் வந்த பெரும்பாலான ஹார்ட்செல் புரொபெல்லர்களில் போனது 6. ஆனால் வெப்பம் கூடும்போது 5-ஐவிட 6-இல் எண்ணெய் அதிகமாகப் பிரியும், கசிவும் கூடும். 5-இல் எண்ணெய் பிரிவது குறைவு. பதிலுக்கு மைனஸ் 40 டிகிரிக்குக் கீழான குளிரில் பயன்படுத்தக் கூடாது. 6 இருந்த ஹப்பில் 5-ஐச் சேர்த்தால் லேபிளில் 5 என்று மாற்ற வேண்டும், அந்தக் குளிர் எல்லையும் விமானத்தில் எழுதி ஒட்டப்பட வேண்டும். இவை தவிர வேறு வகைகளைக் கலக்கவே கூடாது. இரண்டு கெட்டிப்பொருள்கள் ஒத்துப்போகாவிட்டால் கலவை தண்ணீராகி ஒழுகிவிடும், அல்லது கல்லாக இறுகிவிடும்.

இடைவெளி 400 மணி நேரம் அல்லது 12 மாதம். ஈரமும் உப்புக்காற்றும் உள்ள இடத்தில் நிற்கும் விமானத்துக்கும், குறைவாகப் பறக்கும் விமானத்துக்கும் 6 மாதம். அடித்து முடித்ததும் நிப்பிளைத் திரும்ப மாட்டி, உருண்டை உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, தொப்பியைப் போடுங்கள். மேலே வழிந்ததை முழுதாகத் துடையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த பறப்பில் அதுவே 'கசிவு' என்று வந்து நிற்கும்.

ஃபிளேஞ்ச் ஓ-ரிங் மாற்றுவது

புரொபெல்லரின் சீல்களில் ஹேங்கரில் வைத்து மாற்ற அனுமதி உள்ளது இது ஒன்றுதான். மற்ற எல்லாச் சீல்களும் உரிமம் பெற்ற புரொபெல்லர் ஷாப்பின் வேலை. உள்ளே அமுக்கி வைத்த ஸ்பிரிங் இருக்கிறது, சில வகைகளில் காற்றழுத்தமும் இருக்கிறது. ஆர்வத்தால் சிலிண்டரைத் திறந்தால் ஆளையே அடிக்கும்.

மேக்னெட்டோ (ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் கருவி) ஆஃப், சாவி வெளியே, எரிபொருள் அடைப்பு, சக்கரத்துக்கு முட்டு. அதற்கு மேலும் ஸ்பார்க் பிளக் ஒயர்களைக் கழற்றிவிடுங்கள். எர்த் அறுந்த மேக்னெட்டோ ஒன்று இருந்தால் சுவிட்ச் நிலையால் எந்தப் பயனும் இல்லை. ஸ்பின்னரும் பின்தட்டும், ஹப்பும் ரிங் கியரும் ஒன்றுக்கொன்று எந்த நிலையில் இருக்கின்றன என்று ஃபெல்ட் பேனாவால் குறியுங்கள். கூர்மையான எதனாலும் கீறக் கூடாது.

இரண்டு பிளேடு அலுமினியப் புரொபெல்லர் 25 கிலோவை ஒட்டி வரும். கனம் பெரிதல்ல, பிடிக்க வாகில்லாததுதான் சிக்கல். கயிற்றுத் தொட்டிலோ இன்னொரு ஆளோ வேண்டும். கீழே தட்டு வையுங்கள். ஃபிளேஞ்ச் விலகும் நொடியில் கிராங்க்ஷாஃப்டிலும் ஹப்பிலும் நின்ற எண்ணெய் கொட்டும்.

சேஃப்டி வயரை வெட்டி எடுத்த பிறகு, ஹப்பை ஃபிளேஞ்சோடு பிடித்திருக்கும் ஸ்டட்களைத் தளர்த்துவது. ஒன்றை முழுதும் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போக இடமும் இருக்காது, போகவும் கூடாது. ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றுமுறையில் தளர்த்தினால் புரொபெல்லர் நேராக முன்னே வரும். ஒரு பக்கம் மட்டும் தளர்ந்தால் சாய்ந்து சிக்கி, ஃபிளேஞ்ச் புஷ்ஷைக் காயப்படுத்தும்.

பழைய ஓ-ரிங்கைக் குப்பையில் போடும் முன் பாருங்கள். பக்கங்கள் தட்டையாகி இருந்தால் வயது. ஒரே இடத்தில் நறுக்கியது போல் வெட்டு இருந்தால் சென்ற முறை மாட்டும்போது நெரிபட்டிருக்கிறது. முறுக்கிக்கொண்டு கிடந்தால் காய்ந்த நிலையில் போட்டிருக்கிறார்கள். ஓ-ரிங் பார்க்கப் புதிது போல நன்றாக இருந்தால்தான் சங்கடம். அப்போது ஃபிளேஞ்ச் முகத்தில் கீறலோ தேய்மானமோ இருக்க வேண்டும், அல்லது கசிந்ததே இது இல்லை. நோஸ் சீலை இந்த நேரத்திலேயே விளக்கடித்துப் பாருங்கள். ஆல்டர்னேட்டர் பெல்ட்டையும் பாருங்கள். லைகமிங் என்ஜினில் அதை மாற்றப் புரொபெல்லரை மறுபடி கழற்ற வேண்டி வரும்.

இரண்டு ஃபிளேஞ்ச் முகங்களையும் கரைப்பானால் துடைத்து முழுதாக உலர விடுங்கள். புதிய ஓ-ரிங் மேனுவலில் உள்ள பாக எண்ணிலேயே இருக்கட்டும். அளவு ஒன்றாகத் தெரியும் ஓ-ரிங் ரப்பர் வகையில் வேறாக இருந்தால் சூடான எண்ணெயில் ஊறி உப்பிவிடும். மேனுவல் வேறு சொல்லாதவரை சுத்தமான என்ஜின் எண்ணெயை மெல்லத் தடவி, பள்ளத்தில் முறுக்கில்லாமல் உட்கார வையுங்கள். சிலிக்கான் சீலன்ட் வேண்டவே வேண்டாம். அதன் துணுக்கு ஒன்று பிய்ந்து எண்ணெய்ப் பாதைக்குள் போனால் கசிவைவிடப் பெரிய தொல்லை.

ரிங் கியரைத் திரும்ப வைக்கும்போது லைகமிங் என்ஜினில் ஒரு கண் வேண்டும். கிராங்க்ஷாஃப்ட் ஃபிளேஞ்சில் 'ஓ' என்று பொறித்த புஷ் ஒன்று உண்டு. ரிங் கியரில் அதே குறியுள்ள துளை அதன்மேல்தான் வர வேண்டும். தவறினால் மேக்னெட்டோ டைமிங் குறிகள் எல்லாம் பொய் சொல்லும்.

புரொபெல்லரை நேராகத் தள்ளி ஸ்டட்களைக் கையால் பிடிக்க விடுங்கள். திருகில் மேனுவல் சொல்லும் உயவுப் பசையைத் தடவியிருக்க வேண்டும், ஏனென்றால் டார்க் (முறுக்கு விசை) எண் அந்தப் பசை தடவிய திருகுக்கானது. ஹார்ட்செல் 'கே' வகை ஃபிளேஞ்சுக்கு 60 முதல் 70 அடி-பவுண்டு. எதிரெதிராகப் பல சுற்றுகளில் ஏற்றுங்கள். ஃபிளேஞ்சுக்கும் ஹப்புக்கும் நடுவே டார்க் ரெஞ்ச் நேராக நுழையாது, அடாப்டர் வேண்டும். அங்கேதான் கணக்கு தப்புகிறது. ரெஞ்சின் நீளம் 18 அங்குலம், அதே நேர்க்கோட்டில் அடாப்டர் 3 அங்குலம் என்றால், 65 அடி-பவுண்டு ஸ்டட்டில் விழ ரெஞ்சில் வைக்க வேண்டியது 65 × 18 ÷ 21, அதாவது 55.7. கணக்குப் போடாமல் 65 வைத்தால் ஸ்டட்டில் விழுவது 75.8, எல்லையைத் தாண்டிவிட்டது. அடாப்டரை ரெஞ்சுக்குச் செங்குத்தாக வைத்தால் திருத்தம் தேவையில்லை.

0.032 அங்குல ஸ்டெயின்லெஸ் சேஃப்டி வயரால் ஸ்டட்களை இரண்டிரண்டாகக் கட்டுங்கள். இழுவை எப்போதும் இறுகும் பக்கமாகவே இருக்கட்டும்.

நோஸ் சீல் பற்றிச் சுருக்கமாக

கசிந்தது நோஸ் சீல் என்று தெரிந்தால், மாற்றுவதற்கு முன், என்ஜினுக்குள் சேரும் அழுத்தத்தை வெளியேற்றும் கிராங்க்கேஸ் பிரீதர் குழாயைப் பாருங்கள். மடங்கியிருக்கலாம், அடைத்திருக்கலாம். குளிரில் வெளிமுனையில் ஈரம் உறைந்து மூடினாலும் காற்று வெளியேற காவ்லிங்குக்குள் சூடான பகுதியில் ஒரு மாற்றுத் துளை இருக்க வேண்டும். அது இருக்கிறதா, திறந்திருக்கிறதா? வெளியேற வழியில்லாத அழுத்தம் எவ்வளவு நல்ல சீலையும் பிதுக்கித் தள்ளும். பிரீதர் சுத்தமாக இருந்தும் சீல் மறுபடி வெளியே வந்தால் பிஸ்டன் ரிங்குகள் வழியாக வாயு கீழே இறங்குகிறது. கம்ப்ரெஷன் சோதனையும் கிராங்க்கேஸ் அழுத்த அளவீடும் அடுத்த வேலை.

ஓட்டிப் பார்ப்பது

எண்ணெய் அளவைக் குறித்துக்கொண்டு என்ஜினை ஓட்டி, சூடானதும் பிட்ச் லிவரை மூன்று நான்கு முறை முழுதாக இழுத்து விடுங்கள். சிலிண்டருக்குள் சிக்கிய காற்று வெளியேற வேண்டும். முதல் இழுப்பில் ஆர்.பி.எம். தயங்குவது இயல்பு. நிறுத்திய பின் ஸ்பின்னரை மாட்டாமலேயே சுற்றிலும் வெள்ளைத் தாளால் ஒற்றிப் பாருங்கள். எங்கிருந்து வருகிறது என்று இன்னும் தெரியாவிட்டால், சுத்தம் செய்து உலர்த்திய ஹப்பின் மேல் வெள்ளைப் பவுடரை மெல்லிய படலமாகத் தெளித்து ஒரு தரை ஓட்டம் போதும். முதலில் நனையும் இடம் தெளிவாகத் தெரியும். பிறகு பவுடரை மிச்சமின்றி எடுத்துவிட வேண்டும்.

சுத்தம் செய்ய மென்மையான துணியும் மேனுவல் ஏற்கும் கரைப்பானும் போதும். பிரஷர் வாஷர் கூடாது. உள்ளிருக்கும் கிரீஸை வெளியே விடாமல் காக்கத்தான் சீல்கள் இருக்கின்றன. வெளியிலிருந்து பீய்ச்சும் நீரை அவை தடுக்காது. உள்ளே போன நீர் பேரிங்கில் தங்கித் துருவாகும், அடுத்த ஓவர்ஹாலில்தான் தெரியவரும்.

லாக்புக்கில் 'கசிவு சரிசெய்யப்பட்டது' என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். எந்தப் பிளேடு, எந்த இடம், என்ன நிறம், ஓ-ரிங் பாக எண், டார்க் எண், கிரீஸின் பெயர், நிப்பிள் ஒன்றுக்கு எத்தனை அழுத்தல், அப்போதைய மொத்த மணி நேரம். அடுத்த பறப்பு முடிந்ததும் ஒருமுறை, 10 மணி நேரத்தில் ஒருமுறை, அதே கோணங்களில் அதே அளவுகோலோடு படம் எடுத்து, முதல் நாள் படங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.